கரும்புத் தோட்டத்துத் திடலும் கயானா அணியும்

மேற்கிந்தியத் தீவுகளின் முதல்தரக் கிரிக்கெட் போட்டியில் 2014–15 பருவம் தொடங்கி 2018–19 வரை ஐந்து முறை தொடர்ந்து வாகை சூடியது கயானா அணி. பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட்-டொபாகோ, லீவர்ட் தீவுகள், விண்ட்வர்ட் தீவுகள் ஆகிய மற்ற ஐந்து அணிகளும் கடல் சூழ்ந்த தீவுகளுக்குரியவை. கயானா மட்டும் தென் அமெரிக்கப் பெருநிலத்தின் ஓரத்தில் இருக்கும் நாடு. அந்த ஐந்தாண்டு வெற்றியில் பெரும்பங்கு ஓர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளருக்கு உரியது. அவர் பெயர் வீராசாமி பெருமாள். பெர்பீஸ் வட்டாரத்தில், ஆல்பியன் கரும்புத் தோட்டத்துப் பக்கம் 1989இல் பிறந்தவர். 2021ஆம் ஆண்டு இலங்கையின் காலி மைதானத்தில் நடந்த டெஸ்டில் 35 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். நம் மலேசியாவின் கேமரன் மலையில், கம்போங் ராஜாவை ஒட்டிய ப்ளூ வேலித் தோட்டத்திலோ, தெற்கே போ தோட்டத்திலோ எந்த லயத்திலும் காதில் விழக்கூடிய பெயர்தான் இது. பெர்பீஸ், கேமரன் மலை ஆகிய இரண்டு இடத்துக்கும் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறினார்கள். இரண்டு இடத்திலும் வெள்ளைத் துரை, மேற்பார்வையாள், லயம், காலைப் பெரட்டு என்று ஒரே விதமான வாழ்க்கை. ஆனாலும் அங்கே தோட்டத்துப் பிள்ளை வட்டார அணிக்குப் போய், அங்கிருந்து டெஸ்ட் களத்துக்கும் போனான். இங்கே தோட்டத்துப் பிள்ளைக்குக் கிரிக்கெட் மட்டை எட்டவே இல்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இரத்தமும் அல்ல, ஆர்வமும் அல்ல. தோட்டத்துத் திடலிலிருந்து தலைநகருக்கு ஒரு பாதை திறக்கப்பட்டதா இல்லையா என்பதுதான் காரணம். கயானா அணியின் வரலாற்றைப் படிப்படியாகப் பார்த்தால் இது தெளிவாகிறது.

பிரிட்டிஷ் கயானாவுக்கு முதல் இந்தியத் தொழிலாளர்கள் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரு கப்பல்களில் 1838 மே மாதம் போய்ச் சேர்ந்தார்கள். 1917 வரை ஏறத்தாழ 2,39,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். மிகப் பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்தில் ஏறிய வட இந்தியர். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள் சுமார் 15,000 பேர்தான். ‘மதராசி’ என்று அழைக்கப்பட்ட இந்தச் சிறுபான்மையினர் கிழக்கே பெர்பீஸ் வட்டாரத்தில், குறிப்பாகக் கோரன்டைன் கடற்கரையில், ஓரளவு திரளாக நிலைத்தார்கள். தமிழ் இரண்டு மூன்று தலைமுறையில் வாயிலிருந்து போய்விட்டது. மாரியம்மன் மட்டும் போகவில்லை. காளி மாய் பூசை என்ற பெயரில் இன்றும் தப்பு அடித்து, வேப்பிலை கொண்டு நடத்துகிறார்கள். கோரன்டைன் கரையின் விம் கிராமத்தில் பிறந்த மோசஸ் நாகமுத்து 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்தார். மதராசிகளின் வாழ்க்கையை வைத்து அவர் ஆங்கிலத்தில் ஒரு நாவலும் எழுதியிருக்கிறார். அதே விம் கிராமத்தில் பிறந்த மகேந்திர நாகமுத்து கயானாவுக்கும் மேற்கிந்திய அணிக்கும் சுழற்பந்து வீசினார்.

ஆனால் இந்தப் பெயர்கள் அணிப்பட்டியலில் ஏறுவதற்கு வெகுகாலம் பிடித்தது. கரீபியத்தில் முதல்தரக் கிரிக்கெட் 1865 பிப்ரவரியில், பார்படாஸ் மண்ணில் பார்படாஸுக்கும் டெமராராவுக்கும் நடந்த ஆட்டத்தோடு தொடங்குகிறது. டெமராரா என்பது ஜார்ஜ்டவுன் நகரம் உள்ள நடு வட்டாரம். அந்த வட்டாரத்தின் பெயரையே நெடுங்காலம் அணியும் தாங்கியிருந்தது. பெயரில் மட்டும் இருந்தால் பரவாயில்லை, உண்மையிலும் அது நகர அணிதான். 1858இல் தோன்றிய ஜார்ஜ்டவுன் கிரிக்கெட் கிளப் வெள்ளையர்களின் கழகம். அதன் போர்டா மைதானமே குடியேற்றத்தின் கிரிக்கெட் தலைமையிடம். மேற்கிந்திய அணி தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1930இல் இங்கிலாந்துக்கு எதிராகப் பெற்றதும் அங்கேதான். பிறகு கலப்பினத்தாருக்கும் போர்த்துகீசியருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிக் கழகங்கள் நகரத்தில் வந்தன. இந்தியர்களும் முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி ஜார்ஜ்டவுனில் தங்களுக்கென ஒரு கழகம் அமைத்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஜே. ஏ. வீராசாமி. பிரிட்டிஷ் கயானாவுக்காக முதல்தர ஆட்டம் ஆடிய முதல் இந்தியராக அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் படித்த நகரவாசி. தோட்டத்தில் கரும்பு வெட்டியவனுக்கும் அவருக்கும் பெயரில் உறவு இருந்தது. அணிக்குப் போகும் வழியில் இல்லை. அவருக்குப் பிறகு ஒரு முழுத் தலைமுறை கழிந்தும் பெர்பீஸ் தோட்டத்து ஆட்டக்காரன் போர்டாவுக்குப் பெரும்பாலும் பார்வையாளனாகவே வந்து போனான்.

அதை மாற்றிய இடம் போர்ட் மோரன்ட். கோரன்டைன் கரையில் உள்ள இந்தக் கரும்புத் தோட்டத்தில்தான் பிற்காலத்தில் கயானாவின் அதிபரான செட்டி ஜெகன் 1918இல் பிறந்தார். ஜோ சாலமன் 1930இல், பேசில் புச்சர் 1933இல், ஐவன் மட்ரே 1934இல், ரோஹன் கன்ஹாய் 1935இல், ஆல்வின் காளிச்சரண் 1949இல் என்று ஐந்து டெஸ்ட் ஆட்டக்காரர்களை இருபது ஆண்டு இடைவெளிக்குள் தந்தது இந்த ஒரு தோட்டம். முதல் நால்வரும் ஒரே திடலில் ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள். ஆனால் திறமை இருந்தும் எட்டிப் பார்க்க ஆள் இல்லாத நிலைதான் 1950களின் தொடக்கம் வரை. 1954இல் சர்க்கரை உற்பத்தியாளர் சங்கம் பார்படாஸின் கிளைட் வால்காட்டை வேலைக்கு அமர்த்தியது. தோட்டங்களில் கிரிக்கெட்டை ஒழுங்குபடுத்துவது அவருடைய பணி. அப்போது உலகின் தலைசிறந்த மட்டையாளர்களில் ஒருவராக இருந்தவர் வால்காட். அவர் தோட்டம் தோட்டமாகப் போனார், போட்டிகளை ஒழுங்காக நடத்தச் செய்தார், பயிற்சி கொடுத்தார், பிரிட்டிஷ் கயானா அணியிலும் ஆடியதால், திடலில் கண்ட பையனின் பெயரைத் தேர்வுக் குழுவின் மேசையில் வைக்க அவரால் முடிந்தது. என் பார்வையில் இந்தக் கடைசி வேலைதான் மற்றவற்றையெல்லாம்விடப் பெரியது. பயிற்சியாளர்கள் எங்கும் கிடைப்பார்கள். தோட்டத்தையும் தலைநகரையும் ஒரே சமயத்தில் அறிந்து, இரண்டிடத்திலும் சொல்லுக்கு மதிப்புள்ள ஒருவர் கிடைப்பது அரிது.

பலன் வியக்கத்தக்க வேகத்தில் வந்தது. கன்ஹாய் 1954–55 பருவத்தில் முதல்தர ஆட்டத்தில் இறங்கி 1957இல் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். சாலமன் தன் முதல் மூன்று முதல்தர இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். 1958–59இல் மேற்கிந்திய அணி இந்தியாவுக்குப் போனபோது கன்ஹாய், புச்சர், சாலமன் மூவரும் அணியில் இருந்தார்கள். கல்கத்தா ஈடன் தோட்டத்தில் கன்ஹாய் 256 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்டில் அதுதான் அவருடைய முதல் சதம். அதே இன்னிங்ஸில் புச்சர் 103, சாலமன் ஆட்டமிழக்காமல் 69. அடுத்த டெஸ்ட் 1959 ஜனவரியில் சென்னை மாநகராட்சி மைதானத்தில். அங்கே புச்சர் 142 எடுத்தார்; கன்ஹாய் 99இல் ஆட்டமிழந்தார். நூறாண்டுக்கு முன் கரும்புத் தோட்டங்களுக்கென்று கப்பல்கள் கிளம்பிய ஊருக்கே ஒரு கரும்புத் தோட்டத்துத் திடல் மூன்று ஆட்டக்காரர்களை அனுப்பியிருந்தது. அன்று மைதானத்தில் இருந்த சென்னை ரசிகர்களில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்ற எண்ணம் எழாமல் இல்லை. 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் டெஸ்ட் வரலாற்றிலேயே முதன்முறையாக ஆட்டம் சமனில் முடிந்தது. கடைசி ரன் அவுட்டுக்கு ஸ்டம்பைத் தகர்த்த எறி ஜோ சாலமனுடையது. 1973இல் கன்ஹாய் மேற்கிந்திய அணியின் தலைவரானார். 1978இல் அந்தப் பொறுப்பு காளிச்சரணுக்கு வந்தது. கன்ஹாய் 79 டெஸ்டில் 6,227 ஓட்டங்களோடும், காளிச்சரண் 66 டெஸ்டில் 4,399 ஓட்டங்களோடும் ஓய்வு பெற்றார்கள்.

இந்தியர்களுக்குக் கிரிக்கெட் இரத்தத்திலேயே ஊறியது, வாய்ப்பு எப்படியிருந்தாலும் வந்தே தீரும் என்று சிலர் சொல்லக்கூடும். போர்ட் மோரன்ட்டே இதை மறுக்கிறது. பேசில் புச்சர் இந்திய வம்சாவளியினர் அல்லர், ஆப்பிரிக்க வம்சாவளியினர். அதே திடலில் விளையாடி, அதே வால்காட்டின் கண்ணில் பட்டு, 44 டெஸ்ட் ஆடினார். பெர்பீஸின் இன்னொரு கரும்புத் தோட்டமான பிளேர்மாண்ட் தந்த ராய் ஃபிரெடரிக்ஸும் கறுப்பர். திடல் ஒன்றாக இருந்தபோது இரு இனத்தாரும் மேலே போனார்கள். மறுபுறம், தமிழர்கள் கரும்புக்கும் தேயிலைக்கும் போன மற்ற நாடுகளைப் பாருங்கள். பிஜித் தீவு இந்தியர்கள் காற்பந்தைத் தழுவினார்கள். அவர்களுக்கென்று 1938இல் காற்பந்துச் சங்கமே எழுந்தது. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்கள் ஒன்றரை நூற்றாண்டாக இருக்கின்றன. அந்தக் குடியேற்றத்தின் வழியில் வந்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் முத்தையா முரளிதரன். அவருடைய பாட்டனார் தோட்ட வேலைக்கு வந்தவர். ஆனால் முரளி தோட்டத்துத் திடலிலிருந்து வரவில்லை. தந்தை கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார்; மகன் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார்; இலங்கையில் கிரிக்கெட் அணிக்கு ஆள் எடுக்கும் பாதை அத்தகைய கல்லூரிகளின் வழியாகப் போகிறது. ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த பிறகே அந்தப் பாதை திறந்தது. 800 டெஸ்ட் விக்கெட் எடுக்கும் கை லயத்திலேயே தங்கியிருந்தால் நமக்குத் தெரியாமலே போயிருக்கும் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவில் கிரிக்கெட் இல்லாமல் இல்லை. 1927இல் கோலாலம்பூரில் மலாயா அணி, ஓல்ட்ஃபீல்டும் உட்ஃபுல்லும் இடம்பெற்ற ஆஸ்திரேலியக் குழுவை 39 ஓட்ட வித்தியாசத்தில் தோற்கடித்தது. 1909இல் கோலாலம்பூரில் பிறந்த சீக்கியரான லால் சிங், இந்தியா 1932இல் லார்ட்ஸில் ஆடிய முதல் டெஸ்டில் இடம்பெற்றார். தமிழர்களும் ஆடினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வந்தவர்கள், ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்கள், அரசாங்கக் கிராணிகள் ஆகியோர் இனவாரிக் கழகங்கள் வைத்துப் பாடாங்குகளில் ஆடினார்கள். அதாவது, ஜார்ஜ்டவுனின் வீராசாமி இருந்த கட்டத்தில் மலாயாக் கிரிக்கெட்டும் இருந்தது: இனத்துக்கு ஒரு கழகம், எல்லாம் நகரத்தில். அடுத்த கட்டம் இங்கே வரவில்லை. ரப்பர்த் தோட்டத்துக்குக் கிரிக்கெட் ஒழுங்கமைப்பாளரை எந்தத் தோட்டக்காரர் சங்கமும் அனுப்பவில்லை. தோட்டத்துக்கு வந்தது காற்பந்து. 1921இல் தொடங்கிய மலாயாக் கிண்ணம் மாநிலத்துக்கு ஓர் அணி என்று கேட்டது. மாநில அணிக்கு ஊர்ப்புறத்து ஆட்கள் வேண்டியிருந்தது. ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். பால்மரத் தோட்டத்துத் தமிழர்கள் அந்த வழியில் போனார்கள். இந்தியப் பெயர்கள் மாநில அணிகளிலும் தேசிய அணியிலும் வரிசையாக வந்தன. எம். சந்திரனும் ஆர். ஆறுமுகமும் மலேசியாவே கொண்டாடிய பெயர்கள். கரீபியத்தில் கிரிக்கெட் எதைச் செய்ததோ அதை மலாயாவில் காற்பந்து செய்தது.

நில அமைப்புதான் காரணம் என்பாரும் உண்டு. கேமரன் மலையைப் பார்த்தவர்களுக்கு அது இயல்பாகவே தோன்றும். 1929இல் ரசல் என்ற துரை போ தோட்டத்தைத் தொடங்கிய நாள் முதல் இங்கே எல்லாமே சரிவில்தான். மட்டமாக ஓரிடம் கிடைத்தால் தேயிலைத் தொழிற்சாலை, கோயில், பள்ளி, லயம் ஆகியவற்றுக்கே போதாது. எல்லைக்கோடு போட்டு மட்டை பிடிக்க இடம் எங்கே? பெர்பீஸோ தட்டையான கடற்கரை. அலை ஏறும்போது கடலைவிடத் தாழ்ந்து நிற்கும் மண், அணை போட்டுக் காத்த நிலம். மலைத் தோட்டத்தைப் பொறுத்தமட்டில் இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தெலுக் இந்தானையும் கோலசிலாங்கூரையும் சுற்றிய தோட்டங்கள் பெர்பீஸ் அளவுக்கே தட்டையானவை. அங்கும் கிரிக்கெட் வேர் பிடிக்கவில்லை. ஆகவே நிலம் ஒரு தடை மட்டுமே. தட்டை நிலம் இருந்த இடத்திலும் பாதை இல்லையேல் ஆட்டம் இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அப்படியானால் கரும்புத் துரைமார்களின் தாராள மனத்துக்கு நன்றி சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்றே சொல்வேன், காரணம் ஆண்டுகளிலேயே இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் நலநிதி சர்க்கரை ஏற்றுமதியின் மேல் போட்ட வரியிலிருந்து 1947இல் உருவானது. குடியிருப்புகளுக்கும் சமூக நிலையங்களுக்கும் பணம் வந்தது அதிலிருந்துதான். ஆல்பியன், போர்ட் மோரன்ட், பிளேர்மாண்ட் கிரிக்கெட் கழகங்கள் இன்றுவரை தோட்டத்துச் சமூக நிலையங்களின் பெயரிலேயே ஆடுவது அந்தக் காலத்தின் எச்சம். 1948 ஜூன் 16ஆம் தேதி என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். 1953 ஏப்ரலில் போர்ட் மோரன்ட் பிள்ளையான செட்டி ஜெகனின் கட்சி தேர்தலில் வென்றது. அக்டோபரில் லண்டன் படையை அனுப்பி அரசியலமைப்பையே நிறுத்தி வைத்தது. வால்காட் வேலைக்கு வந்தது அதற்கு மறு ஆண்டு. கொதித்துக்கொண்டிருந்த தோட்டங்களில் அமைதியை விலைக்கு வாங்கும் நோக்கம் சர்க்கரை நிறுவனங்களுக்கு இருந்தது என்று இந்த வரிசையிலிருந்து முடிவு செய்வது என் ஊகம்தான். ஆனால் வலுவான ஊகம். திடல் வந்தது தொழிலாளி கேட்டதால், போராடியதால், சில இடங்களில் உயிரைக் கொடுத்ததால். நிறுவனத்தின் நோக்கம் எதுவாக இருந்தாலும், தோட்டத்து இளைஞர்கள் அந்தத் திடலைத் தங்கள் நோக்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கன்ஹாய் சென்னையிலும் லண்டனிலும் சிட்னியிலும் விளாசிய ஓட்டங்கள் எந்தத் துரையின் கணக்கிலும் சேராது.

கன்ஹாயும் சாலமனும் தமிழர்களா, இவர்களை நாம் ஏன் பேச வேண்டும் என்றும் கேட்கலாம். கன்ஹாயைத் தமிழர் என்று உரிமை கொண்டாட எனக்கு ஆதாரம் இல்லை, ஆசையும் இல்லை. வீராசாமி, நாகமுத்து, பெருமாள் என்ற பெயர்கள் தாங்களாகவே பேசும். அதற்கு மேல் இழுத்துப் பிடிப்பது கயானாவின் கலந்த வாழ்க்கைக்குச் செய்யும் அநீதி. போஜ்பூரி பேசியவன், தமிழ் பேசியவன், கறுப்பன் மூவரும் ஒரே தோட்டத்தில், ஒரே கால்வாயில் குளித்து, ஒரே அணியில் ஆடினார்கள். காளிச்சரணின் நெருங்கிய உறவினர்தான் மகேந்திர நாகமுத்து. 2,39,000 பேரில் 15,000 பேராக வந்த சிறு கூட்டம் தன் எண்ணிக்கைக்கு மீறிய இடத்தை அணியில் பெற்றதற்குக் காரணம், அவர்கள் திரண்டிருந்த பெர்பீஸ் கரையிலேயே பாதையும் திறந்ததுதான். கூட்டம் வேறு கரையில் நிலைத்திருந்தால் இந்தப் பெயர்கள் பட்டியலில் வந்திருக்குமா என்பது ஐயமே.

பாதை ஒருமுறை திறந்தபின் அது அகலமாகிக்கொண்டே போனது. மேற்கிந்தியத் தீவுகளின் மண்ணில் நடந்த முதல் ஒருநாள் சர்வதேச ஆட்டம் எந்தத் தலைநகரிலும் அல்ல, 1977 மார்ச்சில் ஆல்பியன் தோட்டத்து மைதானத்தில் நடந்தது, பாகிஸ்தான் எதிரணி. அதே மைதானத்தில் 1983 மார்ச் 29இல் கவாஸ்கர் 90, கபில்தேவ் 72 எடுக்க, இந்தியா மேற்கிந்திய அணியை 27 ஓட்டத்தில் வென்றது. மூன்று மாதத்துக்குப் பிறகு லார்ட்ஸில் உலகக் கோப்பையை இந்தியா வென்றதற்கான துணிச்சல் அங்கே பிறந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். டெமராரா கிழக்குக் கரையின் யூனிட்டி கிராமம் 164 டெஸ்ட் ஆடிய சிவநாராயண் சந்தர்பாலைத் தந்தது. எஸ்ஸெக்கிபோ ஆற்று முகத்துவாரத்தின் வாகெனாம் தீவு ராம்நரேஷ் சர்வானைத் தந்தது. பெர்பீஸின் உட்பகுதியில், கான்ஜே ஆற்றில் படகில் மட்டுமே போகக்கூடிய பாராகாரா என்ற கறுப்பினக் குடியிருப்பிலிருந்து வந்த ஷமார் ஜோசப், விரல்விட்டு எண்ணக்கூடிய முதல்தர ஆட்டங்களுக்குப் பிறகு 2024 ஜனவரியில் பிரிஸ்பேனில் 68 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவைச் சாய்த்தார். வெள்ளைக்காரக் கழகத்தோடு தொடங்கிய நகர அணி, ஆற்றங்கரைக் குடியிருப்பு வரை ஆள் தேடிப் போகும் அணியாக மாற நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

திறந்த பாதை மூடப்படவும் கூடும். கயானா அரசு சர்க்கரைக் கழகத்தின் நட்டத்தைக் காட்டி 2016, 2017 ஆண்டுகளில் வேல்ஸ், ரோஸ் ஹால், ஸ்கெல்டன், கிழக்கு டெமராரா ஆலைகளை மூடியது. ஏறத்தாழ 7,000 பேர் வேலை இழந்தார்கள். ரோஸ் ஹால் மட்டும் 2023இல் மறுபடி இயங்கத் தொடங்கியது. ஆனாலும் பெர்பீஸ் ஆட்டக்காரர்கள் அணியிலிருந்து மறையவில்லை. காரணம், தோட்டம் தள்ளாடிய காலத்திலும் வட்டார வாரியமும் கழகங்களும் பெர்பீஸின் பெயரில் போட்டி நடத்திக்கொண்டிருந்தன. கயானா அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அந்தப் போட்டிகளைப் பார்த்தாக வேண்டும். இங்கே நடந்தது வேறு. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் கைமாறியபோது தோட்டத்துத் திடலும் கூடவே போனது. தோட்டத்துக்கு மேலே இந்தியர்களுக்கென்று இருந்த பெரிய அமைப்பு மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம். அது வளர்த்த அணி 2017இல் மலேசிய பிரிமியர் லீக்கில் ஆடியது. பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு 2019 முதல் சூப்பர் லீக்கில் ஆடியது. உள்ளூர் ஆட்டக்காரர்களை நம்பியே ஒரு பருவத்தைக் கடந்தும் காட்டியது. 2022 பருவம் முடிந்ததும் அது லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. கேமரன் மலையிலோ பீடோரிலோ நன்றாகப் பந்தாடும் ஒரு தோட்டத்துப் பிள்ளையின் பெயரை யார் எந்த மேசையில் வைப்பது என்ற கேள்விக்கு அந்த அணி இருந்த சில ஆண்டுகள் மட்டும் ஒரு விடை இருந்தது.